பந்தியில் இல்லாத பிள்ளைகள்

பிள்ளைகளுடன் வெளியூர் சென்று தங்கி, உண்டு, மகிழ்ந்து திரும்புவது மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று வழக்கமாகிவிட்டது. இரண்டு தலைமுறைக்கு முன்னர் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு வெளியே உண்பது என்றால், அது கோயில் திருவிழாவின் அன்னதானமாகவோ, உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியாகவோ, சம்பள நாளன்று பட்டணத்துக் கடையில் தந்தை வாங்கித் தந்த பலகாரமாகவோதான் இருந்தது. இன்றோ பள்ளி விடுமுறை தொடங்கியதும் கோலப் பெர்லிசிலும் கோலக் கெடாவிலும் உள்ள படகுத்துறைகளில் குடும்பங்கள் திரள்கின்றன. 1987ஆம் ஆண்டில் தீர்வையற்ற தீவான லங்காவியில், செனாங் கடற்கரையை ஒட்டி விடுதிகளும் உணவகங்களும் வரிசை வரிசையாக எழுந்துள்ளன. மலாய், சீன, இந்திய, அரபு, மேலைநாட்டு உணவுகள் யாவும் ஒரே சாலையில் கிடைக்கின்றன. உழைத்துச் சேர்த்த பொருளில் பிள்ளைக்குக் கடலைக் காட்ட விரும்பும் பெற்றோரைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும், கடலைக் காட்டிய அப்பெற்றோர் உணவு மேசையில் அப்பிள்ளையை என்ன செய்கின்றனர் என்று கேட்கும் உரிமை தமிழாசிரியர்க்கு உண்டு, கடமையும் உண்டு. விடுதியின் உணவுக்கூடம் எதனுள்ளும் மாலை வேளையில் நுழைந்து பார்ப்போர் இக்காட்சியைக் காண்பர். குழந்தை நாற்காலியில் 3 வயதுப் பிள்ளை. அதன் முன்னே நீர்க்குவளையில் சாய்த்து நிறுத்தப்பட்ட கைத்தொலைபேசி. திரையில் ஏதோ ஒரு பொம்மை பாடுகிறது. பிள்ளையின் கண் திரையை விட்டு அகலவில்லை. வாய் மட்டும் திறக்கிறது. தாய் ஒரு வறுத்த கோழித்துண்டை அதனுள் இடுகிறாள். எதிரில் பெரியவர்கள் மீனும் நண்டும் உண்டு உரையாடுகின்றனர். பிள்ளை அமைதியாக இருக்கிறது. “எவ்வளவு நல்ல பிள்ளை!” என்று அடுத்த மேசையினர் பாராட்டவும் செய்கின்றனர்.

அந்தப் பாராட்டை ஏற்பதற்கில்லை. அப்பிள்ளை மேசையில் அமர்ந்திருக்கிறது; ஆனால் பந்தியில் இல்லை. பெரியவர் உண்ணும் உணவு அதற்கு இல்லை. பெரியவர் பேசும் பேச்சு அதற்கு இல்லை. தான் உண்பது இன்னதென்ற அறிவும் அதற்கு இல்லை. பெரும் பொருள் செலவிட்டு ஒரு தீவுக்கு அழைத்துச் சென்று, அங்கே பிள்ளையைக் குடும்பத்தினின்று விலக்கி வைக்கும் இவ்வழக்கம் கண்டிக்கத்தக்கது.

கதிரவனும் சிறுவயிறும்

பிள்ளைகள் உணவகத்தில் அழுவதும் அடம்பிடிப்பதும் உண்மையே. இதற்குப் பெற்றோர் கூறும் காரணம், “பிள்ளை பொல்லாதது” என்பதாகும். பெரும்பாலான வேளைகளில் பொல்லாதது பிள்ளையன்று, கடிகாரமே.

லங்காவியில் கதிரவன் மறைவதற்கு மாலை 7 மணிக்கு மேலாகிவிடும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டதும், இத்தீவு நாட்டின் மேற்கோரத்தில் அமைந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். செங்கதிர் கடலில் இறங்கும் காட்சியைக் கண்டுகொண்டே உண்ண வேண்டும் என்பது சுற்றுலாப் பயணியரின் விருப்பம். ஆகவே 7 மணிக்கு மேசையில் அமர்கின்றனர்; படம் எடுக்கின்றனர்; 7.30க்கு உணவு கேட்கின்றனர். 8 மணிக்குமேல் உணவு வருகிறது. பகல் முழுவதும் நீச்சற்குளத்திலும் மணலிலும் ஆடிக் களைத்த சிறுபிள்ளைக்கு 6 மணிக்கே பசி எடுத்துவிடும். 8 மணிக்குத் தூக்கம் வந்துவிடும். பசியும் தூக்கமும் ஒருங்கே வருத்தும் உயிரை நாற்காலியில் கட்டி வைத்து, “அமைதியாக இரு” என்று அதட்டுவது எவ்வகை நீதி?

கதிரவன் நாள்தோறும் மறைவான். அவனைக் காணும் வேளையும் உண்ணும் வேளையும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 6 மணிக்குக் குடும்பம் முழுவதும் உண்டுவிட்டு, பின்னர்க் கடற்கரையில் அமர்ந்து அக்காட்சியைக் காணலாம். அந்நேரத்தில் உணவகங்களில் கூட்டமும் குறைவு. சமையற்கட்டும் விரைந்து சமைத்துத் தரும். அமர்ந்தவுடன் முதலில் வெறுஞ்சோற்றையும் ஒரு முட்டைப் பொரியலையும் பிள்ளைக்காகக் கேட்டுவிட்டால், ஏனையவை வரும்வரை அது பசியாறியிருக்கும். இவ்வளவு எளிய ஏற்பாட்டைச் செய்யாமல் பிள்ளையின் மீது பழி சுமத்துவது பெரியவர்களின் சோம்பல் அன்றி வேறில்லை.

திரை ஊட்டும் சோறு

அழும் பிள்ளைக்குப் பெற்றோர் கண்ட மருந்து கைத்தொலைபேசி. அது உடனே வேலை செய்கிறது. ஆகையால் நல்ல மருந்து என்று கருதுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயது நிரம்பாத பிள்ளைகள் திரையின் முன் அமர்வதை ஏற்கவில்லை. 2 முதல் 4 வயது வரை உள்ளோர்க்கு அது நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் குறைவாயின் நன்று என்றும் கூறுகிறது. விடுதியில் தங்கும் பிள்ளைக்குக் காலைப் பசியாறலுக்கு அரைமணி, நண்பகல் உணவிற்கு அரைமணி, இரவு உணவிற்கு ஒரு மணி எனக் கணக்கிட்டால், உணவு மேசையிலேயே அவ்வரம்பு இருமடங்கு மீறப்படுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டு உண்ணும் பிள்ளை, தன் வயிறு நிறைந்ததை அறிவதில்லை. ஊட்டும் கை நிற்கும்வரை வாய் திறக்கிறது. போதும் என்று சொல்லக் கற்க வேண்டிய பருவத்தில் அச்சொல்லை அது கற்காமலே வளர்கிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வு, 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று காட்டியது. அதே ஆய்வு, 5 வயதிற்குட்பட்டோரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் வயதிற்கேற்ற உயரம் இன்றி வளர்ச்சி குன்றியிருப்பதையும் காட்டியது. ஒரே நாட்டில் மிகுதியும் குறையும் அருகருகே நிற்கின்றன. இவற்றிற்குக் காரணங்கள் பல. கைத்தொலைபேசி ஒன்றே என்பது நேர்மையாகாது. ஆயினும், எதை உண்கிறோம் என்று காணாமல் உண்ணும் பழக்கம் இவ்விரு கேடுகளில் எதற்கும் மருந்தாகாது என்பது தெளிவு.

திருக்குறளின் 7ஆம் அதிகாரமாகிய மக்கட்பேற்றில் வள்ளுவர், தம் பிள்ளை கையிட்டுக் குழப்பிய எளிய உணவின் இனிமையைப் போற்றினார். புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி, உணவைத் தொட்டும் வாயில் கவ்வியும் மேனியெங்கும் சிந்தியும் பெற்றோரை மயக்கும் புதல்வரைப் பாடினான். சிந்துவதையும் பூசுவதையும் அம்மன்னன் குறையாகக் கருதவில்லை. அவை இல்லாத வாழ்வையே பயனற்றதாகக் கருதினான். வகுப்பில் இவ்விரண்டையும் கற்பிக்கும் இனம், விடுதி மேசையில் பிள்ளையின் கையைத் துடைத்து மடியில் வைத்துவிட்டு, திரையைக் காட்டி ஊட்டுகிறது. சோற்றைத் தொடாத கை, சோற்றின் சூட்டையும் மென்மையையும் எங்ஙனம் அறியும்?

சிறுவர் பட்டியல்

உணவகங்களில் சிறுவர்க்கென ஒரு தனிப் பட்டியல் வைக்கப்படுகிறது. அதில் பொம்மைப் படம் இருக்கும். வண்ணம் தீட்டப் பென்சிலும் இருக்கும். உணவோ எங்கும் ஒன்றே: வறுத்த கோழித்துண்டு, வறுத்த மீன்விரல், உருளைக்கிழங்கு வறுவல், தக்காளிச் சாறு, இனிப்புப் பானம். கோலாலம்பூர்ப் பேரங்காடியிலும் அதுவே, பினாங்கிலும் அதுவே, லங்காவியிலும் அதுவே. இரண்டு மணி நேரம் கடல் கடந்து சென்ற பிள்ளை, தன் வீட்டின் அருகிலுள்ள விரைவுணவுக் கடையில் கிடைப்பதையே அங்கும் உண்டு திரும்புகிறது.

“பிள்ளை வேறு எதையும் உண்ணாது” என்பர் பெற்றோர். 2 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகள் புதிய உணவை மறுப்பது இயற்கை. அது பிள்ளையின் குணக்கேடு அன்று; வளர்ச்சியின் ஒரு படி. குழந்தை உணவை ஆராய்ந்த அறிஞர் கூறுவது யாதெனில், ஒரு புதிய உணவை மீண்டும் மீண்டும், சில வேளைகளில் 10 முறைக்கும் மேலாக, வற்புறுத்தலின்றி முன்வைத்தால்தான் பிள்ளை அதனை ஏற்கும் என்பதாகும். இரண்டாம் முறையே கைவிட்டுவிட்டு, “என் பிள்ளைக்கு மீன் பிடிக்காது” என்று முடிவு கட்டுவது, அ, ஆ இரண்டையும் எழுதாத பிள்ளையை மூன்றாம் நாள் பள்ளியைவிட்டு நிறுத்துவதற்கு ஒப்பாகும். எந்த ஆசிரியர் அங்ஙனம் செய்வார்?

தீவின் உணவுகள் யாவும் பிள்ளைக்குக் காரமானவை என்பதும் தவறான எண்ணம். ஆவியில் வேகவைத்த கொடுவா மீன், இஞ்சிச் சாறு ஊற்றிய தவ்வு, தெளிந்த கோழிச்சாறு, வள்ளைக்கீரைப் பொரியல், முட்டை அடை, பருப்பு, தயிர்ச்சோறு ஆகியவற்றில் காரம் எங்கே உள்ளது? சமைப்பவரிடம் காரம் வேண்டா என்று சொன்னால் அவர் மறுப்பதும் இல்லை. மீனில் முள்ளை நீக்குதல், சாத்தேயின் இறைச்சியைக் குச்சியினின்று உருவித் தருதல், கொதிக்கும் சாற்றைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைத்தல் ஆகிய சிறு கவனங்கள் வேண்டும், அவ்வளவே. பெரியவர் தட்டினின்று ஒரு துண்டு பிள்ளையின் தட்டிற்குச் செல்வதற்குத் தனிப் பட்டியல் எதுவும் தேவையில்லை.

பெயரிழந்த மீன்கள்

தமிழாசிரியர்கள் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. விடுமுறைக்குப் பின்னர் மாணவர் எழுதும் கட்டுரைகளை அவர்கள் நன்கறிவர். “விடுமுறையில் நான் சென்ற இடம்” என்னும் தலைப்பில் வரும் கட்டுரைகளில் உணவைப் பற்றி ஒரே வாக்கியம்தான் இருக்கும்: உணவு மிகவும் சுவையாக இருந்தது. எந்த உணவு? யார் சமைத்தது? எதனால் சமைத்தது? புளித்ததா, கரித்ததா, துவர்த்ததா? மாணவன் எழுதுவதில்லை, ஏனெனில் அவனுக்குத் தெரியாது. சொல்வளம் குறைவு என்று ஆசிரியர் சிவப்பு மையால் எழுதுகிறார். குறைந்தது சொல் மட்டுமன்று. அச்சொல்லுக்குரிய அனுபவத்தில் அவன் கலந்துகொள்ளவே இல்லை.

லங்காவியின் உணவு மேசை ஒரு மீன்வளப் பாடநூலாகும். ‘சியாகாப்’ என்று மலாயில் அழைக்கப்படுவது கொடுவா. ‘தெங்கிரி’ என்பது வஞ்சிரம். ‘பாவால்’ என்பது வாவல். ‘பாரி’ என்பது திருக்கை. ‘சோத்தோங்’ என்பது கணவாய். ‘இக்கான் பிலிஸ்’ என்பது நெத்திலி. இவற்றுள் மலாய்ப் பெயரைப் பிள்ளைகள் ஓரளவு அறிவர். நாட்டு மொழியை அறிவது நன்றே. தமிழ்ப் பெயரையோ பிள்ளையும் அறியாது. பல வீடுகளில் தந்தையும் அறியார். பாட்டி அறிவார், ஆனால் பாட்டியோடு பேசப் பிள்ளைக்கு நேரமில்லை, திரை பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை. மீனுக்கும் கீரைக்கும் கரண்டிக்கும் பெயர் சொல்ல ஆளில்லாத மொழி, மேடையில் எத்துணை முழங்கினாலும் அடுப்படியில் மெல்ல மறையும்.

மேசையைச் சுற்றியுள்ளவற்றிலும் பாடம் இருக்கிறது. அச்சாலையின் கடைப் பலகைகளில் காணப்படும் ‘கெடாய்’ என்னும் மலாய்ச் சொல் தமிழின் ‘கடை’. தீவுக்கு வரும் ‘காப்பால்’ தமிழின் ‘கப்பல்’. தட்டில் ஊற்றப்படும் ‘காரி’ தமிழின் ‘கறி’. இத்தீவைத் தன்னகத்தே கொண்ட கெடா மாநிலமே, இராசேந்திர சோழனின் படை 1025ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்த கடாரம். இவற்றை 7 வயதுப் பிள்ளையிடம் ஒரு தட்டுச் சோறு முடிவதற்குள் சொல்லிவிடலாம். உணவு வருவதற்கு முன்னுள்ள 20 நிமிடங்களைப் பெற்றோர் சுமையாக எண்ணி அஞ்சுகின்றனர். ஆசிரியர்க்கு வகுப்பில் கிடைக்காத 20 நிமிடங்கள் அவை: இரண்டே மாணவர், இரண்டு ஆசிரியர், கண்ணெதிரே காட்சிப் பொருள்.

உணவு மேசைப் பேச்சின் பயனை மேலைநாட்டுக் கல்வியாளரும் ஆராய்ந்துள்ளனர். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்தரின் ஸ்னோவும் அவர்தம் குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, வருவாய் குறைந்த குடும்பங்களின் உணவு மேசை உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர். அன்றாடம் வழங்காத அரிய சொற்களை மேசையில் கேட்டுப் பழகிய பிள்ளைகள், பின்னாளில் சொல்வளம் மிக்கவர்களாக விளங்கினர் என்பதை அவ்வாய்வு காட்டியது. வருவாய் குறைந்த வீட்டிலும் இச்செல்வம் விளைந்தது என்பதைக் கருத வேண்டும். மேசைக்குச் செலவிட்ட பணத்தால் விளைவது அன்று அது, பேச்சால் விளைவது.

இத்தகைய வேளையில் பெற்றோர் வேறொன்றையும் செய்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவோரும் விடுதி வாயிலைக் கடந்ததும் பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகின்றனர். பரிமாறுபவர் மலாய்க்காரர்; அடுத்த மேசையில் சீனர்; எவருக்காக இவ்வாங்கிலம்? விலையுயர்ந்த இடத்தில் தமிழ் பேசுவது தாழ்வு என்ற பாடத்தைச் சொல்லாமலே பிள்ளைக்குக் கற்பிக்கின்றனர். அப்பாடத்தைப் பிள்ளை மறப்பதில்லை.

எரிந்த அரிசியும் எறியும் அரிசியும்

விடுதியில் வேண்டியதை வேண்டுமளவு எடுத்துண்ணும் பஃபே முறையும் பிள்ளைக்குத் தீய ஆசானாக அமைகிறது. கட்டிய பணத்திற்கு ஈடாக எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் பெரியவரைப் பற்றிக்கொள்கிறது. பிள்ளைக்கென ஒரு தட்டில் மூன்று வகை ரொட்டி, நாசி லெமாக், பணியாரம், பழம், இனிப்பு யாவும் குவிக்கப்படுகின்றன. பிள்ளை ஒரு கவளம் உண்கிறது. தட்டு அப்படியே திரும்பிச் செல்கிறது. “பணம் கட்டியாயிற்று, விடு” என்கிறார் தந்தை. அத்தட்டை எடுத்துச் செல்லும் பணியாளின் முகத்தைப் பிள்ளை காண்கிறது, தந்தை காண்பதில்லை.

1941 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் இந்நாட்டுத் தமிழர் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் காத்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று தாயும் தந்தையுமாக அம்மேசையில் அமர்ந்திருப்போர். அத்தீவிலும் ஒரு கதை உண்டு. 1821ஆம் ஆண்டில் சயாமியர் கெடாவின் மீது படையெடுத்தபோது, பகைவர் கைக்குக் கிட்டலாகாது என்று தீவு மக்கள் தம் அரிசிச் சேமிப்பைத் தாமே எரித்தனர் என்றும், மழைக்குப் பின்னர்க் கரிந்த அரிசிமணிகள் நிலத்தினின்று வெளிப்படும் என்றும் கூறுவர். பாடாங் மாட்சிராட்டில் ‘எரிந்த அரிசி’ என்ற பொருள்படும் பெயருடன் அவ்விடம் இன்றும் காட்டப்படுகிறது. பசி வரும் என்று அறிந்தும் அரிசியை எரித்த மக்களின் மண்ணில் அமர்ந்து, பசியில்லாமலே அரிசியை எறிகின்றனர் விருந்தினர். இக்கதையைப் பிள்ளைக்குச் சொல்லி, “உண்ணுமளவே எடு, வேண்டுமாயின் மீண்டும் எடு” என்று கூறினால், 5 வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

தரையில் சிந்திய சோற்றைக் குனிந்து பொறுக்குபவரும் ஒரு வீட்டின் தாயோ தந்தையோதான். சிறுபிள்ளை சிந்துவது இயல்பே. சிந்தியதைப் பெற்றோர் ஒரு கைத்துணியால் ஓரளவு திரட்டி வைப்பதும், பரிமாறியவர்க்குப் பிள்ளையின் வாயாலேயே ‘தெரிமா காசே’ சொல்ல வைப்பதும் கடினமல்ல. பணியாளை மதிக்கக் கற்ற பிள்ளை, நாளை வகுப்பில் துப்புரவுத் தொழிலாளியையும் மதிக்கும்.

தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராகச் சில தடைகள் எழுப்பப்படும். அவற்றுள் முதலாவது, சிறுபிள்ளைகளை உணவகத்திற்கு அழைத்து வருவதே தவறு, பிறர் அமைதி கெடுகிறது என்பது. நள்ளிரவு விருந்துக்கும் பெரியவர்க்கென்றே அமைந்த கூடத்திற்கும் இது பொருந்தும். குடும்பங்கள் தங்கும் விடுதிக்குப் பொருந்தாது. பொதுவிடத்தில் நடந்துகொள்ளும் முறையைப் பொதுவிடத்தில் அன்றி வேறெங்குக் கற்பது? பிள்ளை உரத்து அழுதால் சிறிது நேரம் வெளியே தூக்கிச் சென்று காற்றுவாங்கி வரலாம். அதைச் செய்யும் பெற்றோரைப் பார்த்து முகஞ்சுளிப்போர்தாம் நயத்தக்க நாகரிகம் அறியாதவர்.

இரண்டாவது தடை, நான்கு நாள் விடுமுறைதானே, கட்டுப்பாடு எதற்கு என்பது. விடுமுறை பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் உண்டு. தாய்மொழிக்கும் பிள்ளையோடு பேசுவதற்கும் விடுமுறை உண்டா? மேலும், இங்கே கேட்கப்படுவது கட்டுப்பாடு அன்று. பிள்ளையோடு கூடியிருக்கும் மகிழ்ச்சியே. ஐஸ் கச்சாங் ஒன்றை இரு கரண்டியால் பகிர்ந்துண்பதை எவரும் தடை செய்யவில்லை.

மூன்றாவது தடையே வலிமை உடையது. ஆண்டெல்லாம் சமைத்து, ஊட்டி, துடைத்து ஓய்ந்த தாய்க்கு ஒரு நாளாவது சூடாக உண்ண உரிமை இல்லையா? திரையை எடுத்துவிட்டால் அச்சுமை மீண்டும் அவள் மீதன்றோ விழும்? இக்கேள்வி நியாயமானது. இதற்கு விடை கைத்தொலைபேசியில் இல்லை, தந்தையிடம் உள்ளது. மேசையில் தாய் ஒரு கையால் பிள்ளைக்கு ஊட்டி, மறு கையால் ஆறிய சோற்றை அள்ளுகையில், தந்தை நண்டை உடைத்துச் சுவைத்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காணும் காட்சி. முதல் அரைமணி தந்தை பிள்ளையைப் பார்க்கட்டும், தாய் உண்ணட்டும். பின்னர் மாறிக்கொள்ளட்டும். பிள்ளை வளர்ப்பைத் தாயின் கடமை என்று ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லை என்று மேடையில் வருந்தும் ஆடவர், தம் கையால் எத்தனை வேளை பிள்ளைக்குச் சோறூட்டினர் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் விலக்காகக் கூறுதல் வேண்டும். புலன்களின் கூச்சமும் வளர்ச்சியில் சிறப்புத் தேவையும் உடைய பிள்ளைகள் உள்ளனர். கூட்டமும் இரைச்சலும் அவர்களை வருத்தும். பழகிய உணவையும் பழகிய படத்தையும் கொண்டே அவர்களை அமைதிப்படுத்த இயலும். அத்தகைய பெற்றோரை எவரும் அயலிலிருந்து தீர்ப்பளித்தல் ஆகாது. இங்குக் கண்டிக்கப்படுவது தேவை அன்று. தேவையின்றிப் பரவிய வழக்கம்.

ஆசிரியர் செய்யத்தக்கது

பெற்றோரைக் குறை கூறுவதோடு ஆசிரியரின் பணி முடிவதில்லை. விடுமுறைக்கு முந்திய வாரத்தில் தொடக்கநிலை மாணவர்க்குப் பயிற்சித்தாள்கள் கட்டுக்கட்டாகக் கொடுக்கப்படுகின்றன. அவற்றிற்குப் பதிலாக ஒரு சிறு பணியைக் கொடுக்கலாம்: வெளியே உண்ட உணவுகளுள் ஐந்தின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் அறிந்து வருக, அவற்றின் சுவையை ‘சுவையானது’ என்னும் சொல் இன்றி எழுதுக, சமைத்தவரிடமோ பரிமாறியவரிடமோ ஒரு கேள்வி கேட்டு வருக. இதற்கு லங்காவிக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. தீவுக்குச் செல்லும் வசதி இல்லாத பிள்ளை, தன் ஊர்க் கோப்பிக்கடையிலும் இரவுச் சந்தையிலும் இப்பணியைச் செவ்வனே செய்யலாம். விடுதிக்குச் சென்ற பிள்ளையைவிட அப்பிள்ளை சிறந்த கட்டுரையை எழுதுவதும் கூடும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் தேர்ச்சி அறிக்கை பற்றியே பேச்சு நிகழ்கிறது. பிள்ளை எதை உண்கிறது, யாரோடு உண்கிறது, உண்ணும்போது எம்மொழியைக் கேட்கிறது என்னும் மூன்று கேள்விகளை ஆசிரியர் அங்கே எழுப்புதல் வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியதோடு தம் கடன் முடிந்தது என்று எண்ணும் பெற்றோர்க்கு, மீதிக் கடன் உணவு மேசையில் இருப்பதை எடுத்துரைக்க அவர்களையன்றி எவருளர்?

அடுத்த விடுமுறைக்குப் படகேறும் பெற்றோர், உணவு மேசையில் அமர்ந்ததும் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைக்கட்டும். தட்டில் வந்திருக்கும் மீனின் பெயரைப் பிள்ளையிடம் கேட்கட்டும். பிள்ளைக்குத் தெரியவில்லையாயின் சொல்லிக் கொடுக்கட்டும். தமக்கே தெரியவில்லையாயின், அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. வீட்டிலிருக்கும் பாட்டியிடம் பிள்ளையைக் கொண்டே கேட்கச் செய்யட்டும். அதற்காக மட்டும் அந்தக் கைத்தொலைபேசியைப் பையினின்று வெளியே எடுக்கலாம்.